பெஞ்சுக்குப் பின்னால் நின்ற பத்தொன்பதாம் எண்

ஐஸ் ஹாக்கியின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரான லாரி ராபின்சன், வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் சாம்பியன் அணிக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையைப் பயிற்சியாளராகவும் வென்றிருக்கிறாரே, அப்படியானால் பெரிய ஆட்டக்காரர் பெரிய பயிற்சியாளராகவும் ஆவார் என்று கொள்ளலாமா, கொள்ளலாம் என்றால் அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கை ஏன் அத்தனை ஏற்ற இறக்கமாக இருந்தது என்பதே கேட்கப்பட்ட கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவிப் பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளர் என்ற இரண்டு பதவிகளுக்கும் பெயரில் ஒரு சொல்தான் வேறுபடுகிறது; வேலையோ முற்றிலும் வேறு. ராபின்சன் முதல் வேலைக்கென்றே பிறந்தவர். இரண்டாவதில் அவர் பெற்ற ஒரே பெரிய வெற்றிகூட, முதல் வேலையில் அவர் சேர்த்து வைத்திருந்த மூலதனத்திலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஹாக்கி என்றாலே புல்தரையும் பதினொரு பேரும் நினைவுக்கு வருகிறவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ஐஸ் ஹாக்கியில் பனித்தளத்தின் மீது ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான்: ஒரு கோல்காப்பாளர், மூன்று முன்கள வீரர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும். வேகம் அத்தனை கடுமையானது என்பதால் யாரும் ஒரே மூச்சில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பது அரிது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீரர்கள் பெஞ்சிலிருந்து தாவி இறங்குவதும் திரும்பி ஏறுவதுமாக இருப்பார்கள். ஓர் அணி வழக்கமாக ஆறு தடுப்பாட்டக்காரர்களை, அதாவது மூன்று இணைகளை, வைத்துக்கொண்டு ஆட்டம் முழுவதையும் சமாளிக்கும். எதிரி நேராகப் பாய்ந்து வரும்போது அவனைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு, அவனுக்கும் தனக்கும் உள்ள இடைவெளியை மட்டை நீளத்துக்குள் வைத்திருப்பதுதான் தடுப்பாட்டக்காரரின் அடிப்படைக் கலை. இடைவெளி கூடினால் எதிரிக்கு அடிக்க இடம் கிடைக்கும். குறைந்தால் ஒரே திருப்பத்தில் அவன் தாண்டிப் போய்விடுவான். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. பக்கத்தில் நின்று ஒருவர் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ராபின்சனின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

அவர் 1951 ஜூன் 2 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வின்செஸ்டரில் பிறந்து, ஒட்டாவாவுக்குத் தென்கிழக்கே உள்ள மார்வெல்வில் என்ற சிற்றூரில் ஒரு பால் பண்ணையில் வளர்ந்தவர். ஆறடி நான்கு அங்குல உயரம், பண்ணை வேலையில் முறுக்கேறிய உடல். இளையோர் ஆட்டத்தில் முன்களத்தில் தொடங்கிப் பின்களத்துக்கு மாறியவர் என்பதைக் கவனிக்க வேண்டும். தாக்குபவனின் கண்ணால் ஆட்டத்தைப் பார்க்கும் பழக்கம் அவரைவிட்டுப் போகவே இல்லை. லீகின் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் 1971ஆம் ஆண்டு வீரர் தேர்வில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி முதலாவதாக எடுத்தது கி லாஃப்ளரை. அதே அணி இருபதாவது இடத்தில் எடுத்தது ராபின்சனை. லாஃப்ளர் நேராகப் பெரிய அணிக்குச் சென்றார். ராபின்சனோ அடுத்த நிலை லீகான அமெரிக்க ஹாக்கி லீகில் ஆடிய நோவா ஸ்கோஷியா வாயஜர்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டு, 1972இல் அந்த லீகின் கால்டர் கோப்பையை வென்ற பிறகு, 1973 ஜனவரியில்தான் மான்ட்ரியலுக்கு அழைக்கப்பட்டார். அந்த வசந்தத்திலேயே அவருக்கு முதல் ஸ்டான்லி கோப்பை கிடைத்தது.

ஸ்காட்டி போமன் பயிற்றுவித்த அந்த மான்ட்ரியல் அணியில் செர்ஜ் சவார், கி லபோயின்ட், ராபின்சன் ஆகிய மூவரையும் சேர்த்து 'பெரிய மூவர்' என்பார்கள். 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகளை அந்த அணி வென்றதற்கு லாஃப்ளரின் கோல்கள் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் பின்னால் நின்ற இந்த மூவர். 1976 இறுதிச் சுற்று நல்ல எடுத்துக்காட்டு. எதிரணியான பிலடெல்பியா ஃப்ளையர்ஸ், அடிதடியால் மற்ற அணிகளை மிரட்டியே 1974, 1975ஆம் ஆண்டுகளில் கோப்பையை வைத்திருந்த கூட்டம். இரண்டாவது ஆட்டத்தில் அந்த அணியின் கேரி டோர்ன்ஹோஃபர் பக்கவாட்டில் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) கொண்டு வந்தபோது ராபின்சன் தோளால் மோதிய மோதலில் ஆடுதளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரே உள்வாங்கிவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி அதைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. விதிக்கு உட்பட்ட, சுத்தமான மோதல் அது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்கே சுற்று; நான்கே ஆட்டங்களில் மான்ட்ரியல் கோப்பையை எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்த மோதலை மட்டும் வைத்து அவரை ஒரு முரட்டு ஆளாக நினைத்தால் தவறு. சிறுவர் தொலைக்காட்சியில் வரும் உயரமான மஞ்சள் பறவையின் பெயரால் 'பிக் பேர்ட்' என்று அவரை அழைத்தார்கள். சுருண்ட முடியும் நீண்ட கால்களும் மட்டுமல்ல, சுபாவத்தின் சாதுத்தன்மையும் அந்தப் பெயருக்குப் பொருந்தியது. அவருடைய உண்மையான மதிப்பைக் காட்டுவது ப்ளஸ்-மைனஸ் என்ற கணக்கு. ஒருவர் தளத்தில் இருக்கும்போது அவருடைய அணி கோல் அடித்தால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது அடிக்கும் கோல்கள் இதில் சேராது. 1976-77 பருவத்தில் மான்ட்ரியல் 80 ஆட்டங்களில் எட்டில் மட்டுமே தோற்றது. அந்தப் பருவத்தில் ராபின்சனின் கணக்கு +120. இதைத் தாண்டியவர் பாபி ஓர் என்ற தடுப்பாட்டக்காரர் மட்டும்தான், 1970-71இல் +124. வாழ்நாள் கணக்கிலோ எழுநூற்றைக் கடந்து ராபின்சனே முதலிடத்தில் இருக்கிறார். வலுவான அணியில் ஆடியவருக்கு இந்த எண் தானாகவே உயரும் என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் அதே அணியின் மற்றவர்களும் அந்த உயரத்தை எட்டவில்லை.

சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை அவர் 1977, 1980 ஆகிய ஆண்டுகளில் பெற்றார். 1978இல், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றின் 15 ஆட்டங்களில் 21 புள்ளிகள் (கோல்களும், பிறர் கோலுக்கு உதவியதற்கான துணைப்புள்ளிகளும் சேர்த்து) எடுத்து, அந்தச் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதையும் பெற்றார். 1986இல் பாட்ரிக் வா என்ற இளம் கோல்காப்பாளருக்கு முன்னால் மூத்தவராக நின்று ஆறாவது கோப்பை. அதற்கடுத்த ஆண்டு கோடையில் போலோ விளையாடும்போது கால் முறிந்தது. பண்ணைப் பிள்ளைக்குக் குதிரை மீதிருந்த ஆசைக்கு அவர் கொடுத்த விலை. மான்ட்ரியலில் 17 பருவங்களுக்குப் பிறகு 1989இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்குப் போய், ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான வேய்ன் கிரெட்ஸ்கியுடன் மூன்று பருவங்கள் ஆடி 1992இல் ஓய்வு பெற்றார். மொத்தம் 1,384 ஆட்டங்கள், 208 கோல்கள், 750 துணைப்புள்ளிகள். ஆடிய இருபது பருவங்களில் ஒன்றில்கூட அவருடைய அணி பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகாமல் இருந்ததில்லை. இந்தக் கடைசித் தகவலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோல்வியோடு நீண்ட காலம் குடித்தனம் நடத்திப் பழகாத மனிதர் அவர். பின்னால் அது அவரைப் பாதித்தது என்பது என் ஊகம்.

1993இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரான ஜாக் லெமேர், மான்ட்ரியலில் ராபின்சனோடு ஆடியவர். அவர் தடுப்பாட்டக்காரர்களைக் கவனிக்கும் உதவியாளராக ராபின்சனைச் சேர்த்துக்கொண்டார். ஆட்டத்தின்போது முன்கள வரிசைகளை ஒருவரும் தடுப்பு இணைகளை மற்றொருவரும் மாற்றிவிடுவது ஹாக்கி பெஞ்சின் வழக்கமான வேலைப் பிரிவினை. தலைமைப் பயிற்சியாளர் எதிரணியின் மாற்றங்களையும் நடுவரையும் கடிகாரத்தையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உதவியாளருக்கு ஆறே ஆறு பேர். இப்போதுதான் சறுக்கி வந்து மூச்சிரைக்க உட்கார்ந்தவனின் தோளருகே குனிந்து, நீ அரை விநாடி முன்னதாகத் திரும்பிவிட்டாய் என்று சொல்ல அவருக்கு நேரம் இருக்கிறது. சொல்பவர் லாரி ராபின்சன் என்றால் கேட்பவன் மறுபேச்சுப் பேச மாட்டான்.

அந்த ஆறு பேரில் ஒருவர் ஸ்காட் ஸ்டீவன்ஸ். ஏற்கனவே பெயரெடுத்தவர், ஆனால் கோபக்காரர். 1993-94 பருவத்தில் அவர் 78 புள்ளிகளும் +53 கணக்கும் எடுத்தார். அவருடைய வாழ்நாளிலேயே சிறந்த பருவம் அது. இன்னொருவர் ஸ்காட் நீடர்மாயர், அப்போது இருபது வயது இளைஞர். சறுக்குவதில் ராபின்சனையே மிஞ்சக்கூடியவர். எப்போது முன்னேறிப் போக வேண்டும், எப்போது போகாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தேவைப்பட்ட பாடம். லெமேரின் ஆட்டமுறை தளத்தின் நடுப்பகுதியை அடைத்து எதிரியைத் திணறடிப்பது. பார்வையாளர்களுக்கு அது சலிப்பூட்டியது என்ற புகார் எனக்கும் உண்டு. ஆனால் 1995 இறுதிச் சுற்றில் அந்த முறையால் டெவில்ஸ் அணி டெட்ராயிட் ரெட் விங்ஸை நான்குக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியது. எதிர்ப்பக்க பெஞ்சில் நின்றவர் ஸ்காட்டி போமன். பழைய ஆசிரியரை அவருடைய இரண்டு மாணவர்கள் சேர்ந்து தோற்கடித்தார்கள்.

அந்தக் கோப்பையின் பளபளப்பில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. 1995 முதல் 1999 வரை நான்கு பருவங்கள். அவற்றில் பிளே-ஆஃப் சுற்றை எட்டியது 1998இல் மட்டும். இதற்கு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நிதிச் சிக்கலில் கைமாறிய கழகம் அது. முதல் பருவம் முடிவதற்குள், 1996 பிப்ரவரியில், கிரெட்ஸ்கி செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணிக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டார். 1998 முதல் சுற்றில் அதே ப்ளூஸ் அணிக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் கிங்ஸ் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. தங்கள் கோல்காப்பாளர் மீது மோதிய எதிரியை கிங்ஸ் வீரர் ஷான் ஓடொனல் அடித்து நொறுக்கியதால் ஐந்து நிமிடத் தண்டனை விழுந்தது; அந்த ஐந்து நிமிடத்துக்குள் ப்ளூஸ் நான்கு கோல்கள் அடித்து ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. தொடரும் நான்கு ஆட்டங்களில் முடிந்தது. பெஞ்சுக்குப் பின்னால் நிற்பவர் அத்தகைய கணத்தில் எதுவும் செய்ய முடியாது. வீரராக இருந்திருந்தால் தாவி இறங்கி ஒரு பக்கைத் தடுத்திருக்கலாம்.

அந்த வறண்ட நான்கு ஆண்டுகளிலும் ஒரு விளைச்சல் உண்டு. 1998ஆம் ஆண்டு நாரிஸ் விருது கிங்ஸ் அணியின் கேப்டனான ராப் பிளேக்குக்குக் கிடைத்தது. ராபின்சன் வீரராக ஓய்வுபெறும் தறுவாயில் அதே அணியில் நுழைந்த இளைஞர்தான் பிளேக். அணி தோற்றுக்கொண்டிருந்தபோதும் அதன் முதல் தடுப்பாட்டக்காரர் லீகிலேயே சிறந்தவரானார் என்றால், தலைமைப் பதவியில் இருந்தபோதும் ராபின்சனின் கை எங்கே இருந்தது என்பது தெரிகிறது.

1999இல் அவர் மீண்டும் நியூ ஜெர்சிக்கு உதவியாளராகவே திரும்பினார். தலைமையில் ராபி ஃப்டோரெக். இன்னொரு உதவியாளர், சோவியத் ஹாக்கியின் மாபெரும் தடுப்பாட்டக்காரரான வியாசெஸ்லாவ் ஃபெடிசோவ். (ஒரே பெஞ்சுக்குப் பின்னால் ராபின்சனும் ஃபெடிசோவும்! நீடர்மாயரின் அதிர்ஷ்டத்தை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.) அணி பட்டியலின் மேலே இருந்தும் ஆட்டத்தில் தளர்ச்சி தெரிந்ததால், எட்டு ஆட்டங்கள் மட்டுமே மிச்சமிருந்த நிலையில், 2000 மார்ச் 23 அன்று பொது மேலாளர் லூ லாமொரெல்லோ ஃப்டோரெக்கை நீக்கிவிட்டு ராபின்சனிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஃப்டோரெக் கெடுபிடியானவர், ராபின்சன் வீரர்களோடு கலந்து பழகுபவர். புதிய ஆட்டமுறை எதையும் அவர் கொண்டுவரவில்லை, கொண்டுவர நேரமும் இல்லை. அந்த எட்டு ஆட்டங்களில் நான்கில் வெற்றி, நான்கில் தோல்வி.

பிளே-ஆஃபில் ஃப்ளோரிடா நான்கு ஆட்டங்களில் போனது. டொரான்டோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் எதிரணி கோலை நோக்கி அடிக்க முடிந்தது மொத்தம் ஆறே முறை. இந்த எண்ணைத் தடுப்பாட்டத்தின் இலக்கணத்துக்கு உதாரணமாகவே காட்டலாம். பிறகு பிலடெல்பியா. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது டெவில்ஸ் 3-1 என்று பின்தங்கியிருந்தது. நான்காவது ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் ராபின்சன் வெடித்தார். குப்பைத் தொட்டி பறந்தது. தினமும் கத்துகிறவர் கத்தியிருந்தால் வீரர்கள் தலைகுனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாது கத்தியதால்தான் அது உறைத்தது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் டெவில்ஸ் வென்றது. ஏழாவதில் பிலடெல்பியாவின் எரிக் லின்ட்ரோஸை ஸ்டீவன்ஸ் தோளால் மோதிச் சாய்த்தது அன்று விதிக்கு உட்பட்டதே. தலைக்காயங்களைப் பற்றி இன்று தெரிந்துள்ளவற்றோடு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. அந்த ஆட்டத்தில் டெவில்ஸின் இரண்டு கோல்களையும் அடித்துக் கொடுத்தவர் பாட்ரிக் எலியாஷ்.

இறுதிச் சுற்றில் டல்லாஸ் ஸ்டார்ஸ். ஐந்தாவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் பகுதி வரை நீண்டு 1-0 என்று கைநழுவியது. ஜூன் 10 அன்று டல்லாஸில் நடந்த ஆறாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பீட்டர் சிகோரா கடுமையாக மோதப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். இரண்டாவது கூடுதல் பகுதியில் ஜேசன் ஆர்னட் அடித்த கோலால் கோப்பை கிடைத்தது. கொண்டாட்டத்தின்போது தலைமைப் பயிற்சியாளர் தன் உடைக்கு மேல் சிகோராவின் சட்டையை மாட்டிக்கொண்டு பனித்தளத்தில் நின்றார். பயிற்சியாளராக ராபின்சனின் பலம் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் காட்சி இதுதான். எட்டு மாதம் உதவியாளராக இருந்து ஒவ்வொருவரையும் அருகிலிருந்து அறிந்தவர், இரண்டரை மாதம் மட்டும் தலைவராக இருந்தார். நெருக்கம் தேயவும் பதவியின் சுமை அழுத்தவும் அந்தக் காலம் போதாது.

அடுத்த ஆண்டும் டெவில்ஸ் இறுதிச் சுற்றுக்கு வந்து, கொலராடோவுக்கு எதிராக 3-2 என்று முன்னிலையும் பெற்றது. ஆறாவது ஆட்டத்தைச் சொந்த ஊரில் 4-0 என்றும், ஏழாவதை டென்வரில் 3-1 என்றும் தோற்றது. இருபத்திரண்டு பருவங்கள் காத்திருந்த ரே போர்க் அன்று கோப்பையைத் தூக்கியதால், தோற்றவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கொலராடோவின் பின்களத்தில் போர்க்கோடு நின்றவர்களில் ஒருவர், அந்தப் பருவத்தின் நடுவே அங்கே போய்ச் சேர்ந்திருந்த ராப் பிளேக். 2002 ஜனவரி இறுதியில் ராபின்சன் நீக்கப்பட்டார். ஆனாலும் கழகம் அவரை முழுவதுமாகக் கைவிடவில்லை, பாட் பர்ன்ஸ் தலைமையில் 2003இல் கோப்பை வென்றபோது அவர் சிறப்புப் பணிப் பயிற்சியாளராகக் கூடவே இருந்தார்.

பர்ன்ஸுக்குப் புற்றுநோய் வந்ததால் 2005 கோடையில் ராபின்சன் மூன்றாம் முறையாகத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதைவிட மோசமான தருணம் இருந்திருக்க முடியாது. முந்தைய பருவம் முழுவதும் தொழில் தகராறால் நடக்காமல் போயிருந்தது. திரும்பி வந்தபோது விதிகள் மாறி, எதிரியைப் பிடித்து நிறுத்தும் பழைய தந்திரங்களுக்கெல்லாம் தண்டனை விழத் தொடங்கியது. ஸ்டீவன்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார், நீடர்மாயர் அனாஹைமுக்குப் போய்விட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் கைக்கு வந்த இருவரும் இல்லாத பின்களம். 14 வெற்றி, 13 தோல்வி, கூடுதல் நேரத்தில் 5 தோல்வி என்ற நிலையில், 2005 டிசம்பர் 19 அன்று மன அழுத்தத்தாலும் உடல்நலக் குறைவாலும் அவரே விலகிக்கொண்டார். லாமொரெல்லோ தாமே பெஞ்சுக்கு வந்தார். அணி கடைசிப் பதினொரு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அணிக்குத் திறமை இல்லாமலில்லை என்பதே இதன் பொருள். ஆனால் இந்த வேலை தன்னால் முடியவில்லை என்று உரக்கச் சொல்லும் துணிச்சல் அந்தத் தலைமுறை ஹாக்கி ஆட்களிடம் அரிது, அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

பெரிய ஆட்டக்காரரே பெரிய பயிற்சியாளராவார் என்பதற்கு விதி ஏதும் இல்லை. 1981இல் நாரிஸ் விருது பெற்ற ராண்டி கார்லைல் 2007இல் அனாஹைமுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்த அணியின் கேப்டன் நீடர்மாயர். புள்ளிக் கணக்கில் வரலாற்றின் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரரான ஃபில் ஹவுஸ்லி, பஃபலோவின் பயிற்சியாளர் பதவியிலிருந்து இரண்டே பருவங்களில் நீக்கப்பட்டார். சிறிய லீக்குகளிலேயே தடுப்பாட்டக்காரராகக் காலம் கழித்து, பெரிய லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாத ஜாரெட் பெட்னர் 2022இல் கொலராடோவுடன் வென்றார்.

விலகிய பிறகு ராபின்சன் தலைமைப் பதவி எதையும் ஏற்கவில்லை. மான்ட்ரியல் அவருடைய 19ஆம் எண்ணை 2007 நவம்பர் 19 அன்று ஓய்வு கொடுத்துக் கூரையில் ஏற்றியது. 2012இல் சான் ஹோசே ஷார்க்ஸ் அணிக்கு இணைப் பயிற்சியாளராகப் போனார். முன்களத்துக்கும் பின்களத்துக்கும் இடையே மாறிக்கொண்டிருந்த பிரென்ட் பர்ன்ஸ் மீண்டும் பின்களத்தில் நிலைபெற்றது அவர் அங்கே இருந்தபோதுதான். 2017இல் பர்ன்ஸ் நாரிஸ் விருது பெற்றார். அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் கழகம் ராபின்சனை மூத்த ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது. அந்த அணி 2019 ஜனவரி தொடக்கத்தில் லீகின் கடைசி இடத்தில் கிடந்து, பருவத்தின் நடுவே பொறுப்பேற்ற ஓர் உதவிப் பயிற்சியாளரின் கீழ் அந்த ஜூனில் கோப்பையை வென்றது. கோப்பை வென்ற அணியொன்றில் ராபின்சனுக்குப் பங்கு இருந்தது அது பத்தாவது முறை.